குளிர்க்குருதி என்னும் பொய்

பாம்பு குளிர்க்குருதிப் பிராணி என்று பாடநூல்கள் எழுதுகின்றன, ஆசிரியர்கள் ஓதுகின்றனர், மாணவர்கள் பரீட்சையில் அதனை ஒப்புவித்துப் புள்ளி பெறுகின்றனர். மூன்று சாராரும் ஒருங்கே காத்துவரும் இச்சொற்றொடர் பிழையானது. பிழையான சொல்லொன்று ஏட்டிலே கிடப்பதனால் யாருக்கு என்ன தீங்கு எனக் கேட்பார் உளர். இச்சொல் ஏட்டிலே கிடக்கவில்லை. வற்றாப்பளையை அண்டிய ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறையில் அது ஓர் உயிரைக் குடித்ததை யான் கண்டேன். கண்டேன் என்பதுகூட முழு உண்மையன்று. அக்காரியத்துக்குக் கைகொடுத்தவர்களுள் யானும் ஒருவன்.

2013ஆம் ஆண்டு பங்குனி மாதம். மீளக் குடியேறிய ஊரிலே பாடசாலை தகரக் கூரையின் கீழ் இயங்கிக்கொண்டிருந்தது. பெரும்போக அறுவடையின்போது வயல்வரம்பில் அகப்பட்ட மூன்றடி நீளமான மலைப்பாம்புக் குட்டியொன்றை யாரோ சாக்கிலே கட்டிக்கொண்டு வந்தனர். கொல்லாமல் கொண்டுவந்தார்களே என்று எமது ஆசிரியர் மகிழ்ந்தார். காட்டுயிரை அனுமதியின்றிப் பிடித்து அடைத்துவைத்தல் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதை எவரும் எமக்குச் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த மீன்தொட்டியொன்று கூடாயிற்று. ஆசிரியரிடம் ஆங்கில நூலொன்று இருந்தது. இவ்வினத்துக்கு 30 முதல் 32 பாகை சதம வெப்பம் வேண்டுமென்றும், மின்குமிழ் மூலம் அதனை அளிக்கலாம் என்றும் அந்நூல் கூறியது. ஊருக்குப் புதிதாக மின்சாரம் வந்திருந்த காலம் அது. மின்குமிழ் ஒன்றை எரியவிடுவதே ஒரு பெருமையாக இருந்தது. 60 வாற்றுக் குமிழொன்றைத் தொட்டியின் மேற்புறத்தில் கம்பியாற் கட்டி, பாம்பு வெளியேறாதவாறு பலகையால் மூடினோம். கம்பியைக் கட்டியவன் யான்.

வெள்ளிக்கிழமை மாலை வீடு சென்றோம். திங்கட்கிழமை காலை வந்தபோது பாம்பு தொட்டியின் ஒரு மூலையில், வற்றிப்போன தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி இறந்து கிடந்தது. தலையைக் கிண்ணத்தினுள் வைத்திருந்தது. “குளிர்க்குருதிதானே, போதிய சூடு கிடைக்கவில்லைப் போலும்” என்றார் ஒருவர். அன்று நண்பகல், வெறுந்தொட்டியினுள் வெப்பமானியை வைத்து, அதே குமிழை எரியவிட்டுப் பார்த்தோம். 49 பாகை காட்டியது.

குளிரால் அன்று, வெப்பத்தால் வெந்து மாண்ட உயிரைப் பார்த்து அதற்குச் சூடு போதவில்லை எனக் கூறும் துணிவை ஒருவருக்கு அளித்தது எது? அந்தச் சொல்தான். குருதி குளிர்ந்தது எனின், அதற்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் நன்மையே என்ற எண்ணம் தானாகவே பின்தொடர்கிறது. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பாம்பின் குருதி குளிர்ந்ததன்று. முற்பகல் வெயிலிற் காய்ந்தெழுந்த சாரைப்பாம்பின் உடல் 30 பாகையைக் கடந்து நிற்கும். மனிதக் குருதி 37 பாகை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சூட்டின் அளவில் அன்று, அது வரும் வழியிலேயே உள்ளது. நாம் உண்ட சோற்றின் பெரும்பகுதியை எரித்து உடலைச் சூடாக வைத்திருக்கிறோம். பாம்போ அச்செலவைச் செய்வதில்லை. தனக்கு வேண்டிய வெப்பத்தை வெயிலிலிருந்தும், வெயில் காய்ந்த மண்ணிலிருந்தும், கல்லிலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. மிகுந்தால் நிழலுக்குள்ளும் புற்றுக்குள்ளும் நீருக்குள்ளும் செல்கிறது. மாதத்துக்கு ஓரிருமுறை உண்டு உயிர்வாழ அதனால் இயல்வதும் இச்சிக்கனத்தினாலேயே. இவ்வகை உயிர்களைப் புறவெப்ப விலங்குகள் என்றழைப்பதே பொருந்தும். குளிர்க்குருதி என்பது வேற்றுமொழியின் பழைய பிழையொன்றை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எடுத்துக்கொண்டதன் விளைவு. பிறர் தம் பிழையை ஆய்வுகூடங்களில் எப்போதோ கைவிட்டனர். நாமோ அதன் மொழிபெயர்ப்பைப் பாதுகாக்கிறோம்.

எப்போது கைவிட்டனர் என்பதையும் கூறுதல் தகும். கலிபோர்னியாப் பாலைநிலத்து ஊர்வனவற்றை ஆராய்ந்த கவுல்ஸ், போகேட் என்ற இருவர் 1944இல் தமது ஆய்வை வெளியிட்டனர். ஊர்வனவற்றின் உடல் வெப்பநிலை சுற்றாடற் காற்றின் வெப்பநிலையே என்று அதுவரை நம்பப்பட்டது. அவ்விலங்குகள் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே ஓயாது இடம்மாறித் தமக்குரிய வெப்பநிலையை வியக்கத்தக்க நுட்பத்துடன் காத்துக்கொள்வதை அவர்கள் காட்டினர். பாலைநிலத்தில் வாழும் பாம்பேயாயினும், நிழலுக்குச் செல்லவிடாது வெயிலிலே தடுத்து வைத்தால் சில நிமிடங்களில் இறந்துவிடும். பாலைவனம் அதனைக் கொல்வதில்லை, தடுத்துவைத்தலே கொல்கிறது.

இதனினும் சுவையான வரலாறு மலைப்பாம்பின் வரலாறு. பெண் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும்போது அதன் உடல் சூடேறுகிறது என்று லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1832இல் பாரிசு அறிஞர் சபைக்கு அறிவித்தார். சபை நம்பவில்லை. குளிர்க்குருதிப் பிராணி சூட்டை உண்டாக்குவதாவது! ஒன்பது ஆண்டுகளின் பின், 1841இல், பாரிசு நகரத்து விலங்குக் காட்சியிடத்திலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலென்சியேன் என்பவர் வெப்பமானியை அதன் சுருளுக்குள் வைத்து அளந்தார். பாம்பின் உடல் சூழலினும் சூடாக இருந்தது. 1966இல் நியூயோர்க் விலங்கியற் பூங்காவின் மலைப்பாம்பொன்றை வைத்து ஹச்சிசனும் துணைவரும் அதன் பொறிமுறையையும் விளக்கினர். சூழல் வெப்பநிலை 33 பாகைக்குக் கீழே இறங்கியதும் தாய்ப்பாம்பின் தசைகள் விட்டுவிட்டுச் சுருங்கத் தொடங்கின. குளிரில் நாம் நடுங்குவதுபோல் அது நடுங்கித் தன் முட்டைகளுக்குச் சூடு கொடுத்தது. அன்று ஆராயப்பட்டது பர்மிய மலைப்பாம்பு. நமது வன்னிக் காட்டு மலைப்பாம்பின் நெருங்கிய உறவு. யாம் தகரக் கூரையின் கீழே சாகவிட்டதும் அக்குலத்தைச் சேர்ந்ததே.

ஆகவே பாம்புக் கூட்டுக்கு வெப்பமூட்டுதல் என்றால் என்ன என்ற வினாவுக்கு விடை தெளிவாகிறது. கூட்டைச் சூடாக்குவது வெப்பமூட்டுதல் ஆகாது. ஒரு முனையில் சூடும் மறுமுனையில் தண்மையும் இருக்குமாறு செய்து, இரண்டுக்குமிடையே பாம்பு தன் விருப்பப்படி நகர்ந்து தேர்ந்துகொள்ள விடுவதே வெப்பமூட்டுதல். தேர்வு இல்லாத இடத்திற் கொடுக்கும் வெப்பம் தண்டனையாகும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலிற் கூடும் சனத்தைப் பார்த்தோருக்கு இது விளங்கும். நண்பகலில் நந்திக்கடல் வெளி வெறிச்சோடிக் கிடக்கும்; ஒவ்வொரு மர நிழலிலும் ஒரு குடும்பம் பாய் விரித்திருக்கும்; நிழல் நகர நகரப் பாயும் நகரும். பொழுது சாய்ந்ததும் வெளி நிரம்பிவிடும். உப்புநீரில் விளக்கெரியும் அதிசயத்தைக் காண வரும் அந்த ஆயிரக்கணக்கானோரை ஒரே வெப்பநிலையுடைய மண்டபமொன்றில் இரவு பகலாகப் பூட்டிவைத்து, உங்கள் நலனுக்கே செய்தோம் என எவரேனும் கூறின் ஏற்போமா?

இதனை உணர்ச்சிப் பேச்சு என ஒதுக்குவோர்க்காக இன்னொரு சான்று. மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் குளூகர் என்பவரும் துணைவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு அது. பாலைவனப் பல்லியினமொன்றுக்கு நோய்க் கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தனர். நோயுற்ற பல்லிகள் தேர்வு கிடைத்தபோது வழக்கத்தினும் சூடான இடத்தைத் தேடிச் சென்றன என்பது அதற்கு முந்திய ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தது. நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது. அவை நடந்து சென்று காய்ச்சலை வாங்கிக்கொள்கின்றன. அவ்வாறு வாங்கவிடாது குறைந்த சூட்டில் வைக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை மாண்டன. கூடிய சூட்டில் இருந்தவற்றுட் பெரும்பாலானவை பிழைத்தன. எனவே வெப்பநிலைத் தேர்வு ஊர்வனவற்றுக்கு மருந்துமாகும். இரைகொண்ட பாம்பு சூட்டை நாடுவதும் இத்தகையதே. சூடின்றேல் நொதியங்கள் மந்தமாகும். விழுங்கிய எலி வயிற்றினுள் அழுகும். ஈற்றிற் பாம்பு அதனைக் கக்கும். தோலுரிக்கும் நாட்களில் ஈரலிப்பும் தண்மையும் வேண்டிநிற்கும். நாளுக்கு நாள் மாறும் இத்தேவைகளை எந்த நூலும் ஓர் எண்ணாக்கித் தந்துவிட இயலாது. அந்த எண் பாம்புக்குத் தெரியும். நமது கடமை அது செல்ல வழிவிடுதல்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எமது தொட்டி 60 சதமமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் உடையது. 54 இலீற்றர் காற்றைக் கொள்வது. அக்காற்றின் திணிவு 63 கிராம் அளவே. அதனை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 63 யூல் போதும். 60 வாற்றுக் குமிழ் வினாடிக்கு 60 யூல் வெளிவிடுகிறது. வெப்பம் வெளியே கசியாதெனின் வினாடிக்கு ஒரு பாகை வீதம் தொட்டி சூடேறும்! கண்ணாடி கசியும் என்பதனால் ஓரிடத்தில் நிலைகொள்ளும். ஆனால் அந்நிலை அறையின் வெப்பநிலையிலும் 12, 15 பாகை மேலே இருக்கும். அந்த ஆங்கில நூல் எழுதப்பட்ட நாட்டில் அறை 20 பாகையாக இருந்திருக்கும்; குமிழ் அதனை 32 ஆக்கியிருக்கும். பங்குனி மாதத்து முல்லைத்தீவில், தகரத்தின் கீழ், அறையே 36 பாகை. கூட்டிப் பார்க்க உயர்தர வகுப்பும் வேண்டியதில்லை. ஆயினும் நாம் எவரும் கூட்டிப் பார்க்கவில்லை. அச்சிட்ட எண்ணின்மீது எமக்கிருந்த பக்தி அத்தகையது.

ஈண்டு யான் வன்மையாகக் கண்டிக்க விரும்புவது அந்தப் பக்தியையே. குளிர்நாட்டார் தம் நாட்டுக்கு எழுதியதைத் தமிழாக்கி, பாகைகளையும் வாற்றுகளையும் மாற்றாது அச்சிட்டு, விஞ்ஞானத்தைத் தமிழில் வளர்த்துவிட்டோம் என மேடையேறுவோரை நாம் அறிவோம். அவர்கள் பெயர்ப்பது சொற்களை மாத்திரமே. காலநிலையை எவரும் பெயர்ப்பதில்லை. வற்றாப்பளையில் ஒரு விலங்குக் கூட்டை அமைப்பவனது முதலாவது வினா எவ்வாறு சூடாக்குவது என்பதன்று. எவ்வாறு நிழல் கொடுப்பது என்பதே. கூடு கண்ணாடியாயிருத்தலாகாது. கண்ணாடி வெயிலின் ஒளியை உள்ளே விடும். உள்ளே பிறந்த வெப்பக் கதிர்களை வெளியே விடாது. யன்னலருகே வைத்த கண்ணாடித் தொட்டி அரைமணி நேரத்தில் அடுப்பாகும். மரப்பலகையால் அமைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் கம்பிவலை வைத்து, கிடுகுக் கூரையின் கீழ் அல்லது மாமர நிழலில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. காலை வெயில் ஒரு முனையில் மாத்திரம் சிறிது நேரம் விழுமாயின் மீதி வேலையையும் சூரியன் பார்த்துக்கொள்ளும்.

அப்படியாயின் வெப்பநாட்டிலே வெப்பமூட்டுதலே வேண்டாமோ எனச் சிலர் துள்ளி எழுவர். இவர்கள் முற்கூறியோரின் மறுபுறம். ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை பொழியும் நாட்களில் நிலைமை வேறு. வெயில் காணாத ஒரு வாரமும், ஈரம் ஊறிய கூடும், 22 பாகை இரவுகளும் சேர்ந்தால், இரைகொண்ட பாம்பு சீரணிக்க இயலாது தவிக்கும். மூச்சுறுப்பில் நோய் பற்றும். வாயைத் திறந்து மூச்சுவிடும். காட்டிலுள்ள பாம்பு புற்றின் ஆழத்துக்கோ வைக்கோற் போரின் நடுவுக்கோ சென்றிருக்கும். அடைபட்ட பாம்புக்கு அவ்வழி இல்லை. அவ்வழியை அடைத்தவனே அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன். மேலும், கூடு வற்றாப்பளையில் உள்ளதா பேராதனையில் உள்ளதா என்பதும் பொருட்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயர்ந்த பேராதனையின் மார்கழி இரவை விடுதிகளில் கம்பளி போர்த்துக் கிடந்த எந்த வன்னி மாணவனும் மறந்திரான். அங்கே அதே பாம்புக்குச் செயற்கைச் சூடு இன்றியமையாததாகலாம்.

அவ்வாறு கொடுக்கும்போது கடைப்பிடிக்க வேண்டியவை சில. சூடு கூட்டின் ஒரு முனையில், மூன்றிலொரு பங்கிடத்தில் மாத்திரம் இருத்தல் வேண்டும். வெப்பநிலைநிறுத்தி இல்லாத எந்த வெப்பமூட்டியும் கூட்டினுட் செல்லலாகாது. அதன் உணரி பாம்பு படுக்குமிடத்தில் இருத்தல் வேண்டுமேயன்றிக் கூரையில் தொங்கலாகாது. இரு முனைகளிலும் தனித்தனி வெப்பமானிகள் வேண்டும். ஒற்றை வெப்பமானியை நடுவில் வைத்துச் சராசரி காண்பவன், ஒரு கால் நெருப்பிலும் ஒரு கால் பனியிலும் நிற்பவனைச் சராசரியிற் சுகம் என்பவனுக்கு ஒப்பாவான். ஒளிந்துகொள்ளும் மறைவிடம் சூட்டுப் பக்கத்தில் ஒன்றும் தண்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு தேவை. ஒன்றே இருப்பின், பாதுகாப்பையும் தக்க வெப்பத்தையும் ஒருங்கே பெறமுடியாது பாம்பு ஒன்றுக்காக மற்றதை இழக்கும். அஞ்சிய பாம்பு வெப்பத்தை இழந்தேனும் மறைவிலேயே கிடக்கும். குமிழைக் கம்பிக்கூண்டால் மூடுதல் வேண்டும். இல்லையேல் சூட்டை நாடி அதனையே சுற்றிக்கொள்ளும். கடைகளில் விற்கும் சூட்டுக்கல்லைப் பற்றி ஒரு சொல்: அது விற்பவனுக்கு மாத்திரம் பயன்படும் கருவி. சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்க, கல் மட்டும் கொதிக்கும்போது, பாம்பு அதன்மேலேயே கிடந்து வயிற்றுத்தோல் வேகும்வரை அகலாதிருக்கும். அடிவயிற்றுச் செதில்கள் கருகிய பாம்புகள் மருத்துவர்களிடம் வந்த வண்ணமே உள்ளன.

கருவியின்றி இதனை நமது மக்கள் செய்திருக்கின்றனர் என்பதே இங்கு நான் பெரிதும் வற்புறுத்த விரும்புவது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் நிறுவப்பட்டது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரங்கள் வைத்து, நான்குமுறை விடமெடுத்தபின், அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அச்சில வாரங்களும் பாம்பு இருக்குமிடம் எது? மட்பானை. மணலிட்ட பானையின் வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கட்டிக் கூரை நிழலில் வரிசையாக வைத்திருப்பர். பார்த்துவிட்டுச் சிரிக்கும் படித்தவர்கள் உண்டு. அவர்கள் மேலே யான் கணித்த கணக்கைத் தொடரட்டும். 20 கிலோகிராம் மணலை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 16,000 யூல் வேண்டும். எம் தொட்டியை வினாடிக்கு ஒரு பாகை உயர்த்தக்கூடிய அக்குமிழ், மணலை ஒரு பாகை உயர்த்த நான்கரை நிமிடம் எடுக்கும். நண்பகற் சூடு உள்ளே எட்டும்முன் மாலையாகிவிடும். மாலைக் குளிர் எட்டும்முன் விடிந்துவிடும். பானைச் சுவரினூடு கசியும் ஈரம் ஆவியாகித் தண்மையூட்டும். துணி காற்றை விடும். மின்வெட்டு அதனைத் தீண்டாது. 2022 பங்குனி இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது மின்வெப்பமூட்டிகளை நம்பியோர் என்ன செய்தனரோ, மட்பானைக்குக் கவலையில்லை.

பானை என்றென்றைக்கும் ஏற்ற வீடு என்பதன்று என் வாதம். அதனுள்ளும் தேர்வு குறைவுதான். சில வாரங்களுக்கே அது பொருந்தும், அவர்களும் சில வாரங்களே வைத்திருக்கின்றனர். அந்தக் கட்டுப்பாடும் அறிவின் ஒரு பகுதியே. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத மக்கள் வெப்பக் கொள்ளளவு என்ற சொல்லை அறியாமலே அதனைப் பயன்படுத்தினர். அச்சொல்லை வரைவிலக்கணத்துடன் மனனஞ் செய்த நாம் ஒரு குட்டிப் பாம்பை வேகவைத்தோம். இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் எதிர்விட மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதற்கு வேண்டிய விடத்தின் பெரும்பங்கை அளித்து வந்தது இருளர் சங்கமே. முள்ளியவளை வயலிலே கண்ணாடி விரியன், நம்மவர் வழக்கில் முத்திரைப் புடையன், தீண்டிய உழவனின் நரம்பில் ஏற்றப்படும் மருந்துக்கும் அந்த மட்பானைகளுக்கும் உள்ள தொடர்பைச் சிரிப்பவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. இலங்கைப் பாம்புகளின் விடத்துக்கே உரிய மருந்தை ஆக்கும் முயற்சியிற் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொஸ்ராறிக்கா நாட்டின் குளோடோமீரோ பிக்காடோ நிறுவனத்துடன் இணைந்து உழைத்துள்ளனர். அத்தகைய வேலைக்குப் பாம்புகளை நலமாக வைத்திருக்கத் தெரிதல் வேண்டும். பாம்பை வைத்திருத்தல் பொழுதுபோக்கு மாத்திரமன்று.

கடுமையான ஓர் எதிர்ப்பு எஞ்சியுள்ளது. அதனை வேறெவரும் அல்லர், என் ஊரவரே எழுப்பினர். மனிதனுக்கே ஒழுங்கான கூரை கிடைக்காத மண்ணில் பாம்பின் சூடு பற்றிக் கட்டுரையா? இதற்கு ஏளனமாக விடையிறுக்க யான் துணியேன். 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் எம் மக்கள் தறப்பாளின் கீழ் அடைக்கப்பட்டிருந்தனர். காடு வெட்டி வெளியாக்கிய நிலம். உள்ளே இருந்தால் தறப்பாளின் வெக்கை, வெளியே வந்தால் வெயில், ஒதுங்க மரமில்லை, முட்கம்பிக்கு அப்பால் மரங்கள் தெரிந்தன. இன்னின்ன அளவு தண்ணீர், இன்னின்ன அளவு அரிசி என்று எல்லாமே எண்ணிக் கொடுக்கப்பட்டதாகத்தான் ஏடுகள் கூறும். நிழலைத் தெரிவு செய்யும் உரிமை எந்தப் பட்டியலிலும் இல்லை. மனிதத் துயரையும் விலங்கின் துயரையும் ஒரே தராசில் நிறுக்க யான் முனையவில்லை. அது இரண்டுக்கும் செய்யும் அவமதிப்பு. ஆனால் தெரிவற்ற வெக்கை எத்தகையது என்பதை உடலால் அறிந்த மக்களின் பிள்ளைகள், நான்காண்டு கழியுமுன் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பலகையால் மூடிவிட்டு வீடு சென்றோம். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களுக்கு யான் இதைத்தான் சொன்னேன். சிலர் ஒன்றும் பேசவில்லை. ஒருவர் மட்டும், “அது பாம்பு, தம்பி” என்றார்.

பாம்பு என்பதனால் வணங்குவோரும் நம்மிடையே உளர். புளியங்குளத்தை அடுத்த புதூர் நாகதம்பிரானை வன்னி முழுதும் வழிபடுகிறது; கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கடல்கடந்த கதையை நம் முன்னோர் பாடிவந்தனர். வணக்கத்தில் யான் குறைகாண்பதில்லை. புற்றை இடிக்காது விட்ட வழக்கம் எத்தனையோ பாம்புகளுக்கு இயற்கையான வெப்பநிலைக் காப்பகத்தை விட்டுவைத்தது. ஆனால் அதே கையால் வாய்கட்டிய பாம்புக்குப் பாலூற்றுவோரைப் பார்க்கும்போது சினம் எழுகிறது. பாம்பு பால் குடிக்கும் பிராணியன்று. நாட்கணக்கில் நீரின்றி வைத்தால் எந்த நீர்மத்தையும் குடிக்கும். அதனைப் பக்தியின் சான்றாக்குவது ஏமாற்று. இதற்குமேல் இதுபற்றி எழுத இடமில்லை.

ரொறன்ரோ நகரில் வாழும் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் மேற்காபிரிக்க மலைப்பாம்பு வளர்க்கிறான். அஞ்சும்போது பந்துபோற் சுருளும் சிறிய இனம், வளர்ப்பதற்கென்றே கூட்டிற் பிறந்தது, கடையில் வாங்கியது. சென்ற தை மாதத்தில் ஓரிரவு அழைத்தான். “அண்ணை, பெட்டி முழுக்க முப்பத்திரண்டு பாகை வைச்சிருக்கிறன். ஒரு பாகை கூடக் கூடிக் குறையேல்லை. ஆறு கிழமையாச் சாப்பிடுதில்லை” என்றான். வெளியே உறைபனி, வீட்டினுள் 21 பாகை, அவனுக்கு வெப்பமூட்டி வேண்டியதுதான். ஆனால் பெட்டியின் அடி முழுவதற்கும் வெப்பப்பாய் விரித்திருந்தான். நல்ல வெப்பநிலைநிறுத்தியும் வாங்கியிருந்தான். தன் கருவியின் துல்லியத்தில் அவனுக்கிருந்த பெருமிதம் தொலைபேசியில் கேட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எம் விஞ்ஞான அறையில் கேட்ட அதே குரல்.

பாயின் மூன்றிலிரண்டு பங்கை அகற்றச் சொன்னேன். மறுமுனையில் இன்னொரு மறைவிடமும் அதனருகே தண்ணீர்க் கிண்ணமும் வைத்து, அந்தப் பக்கம் 25 பாகைக்கு இறங்கும்வரை பொறுக்கச் சொன்னேன். பாம்புக்குக் குளிராதா என்று இருமுறை கேட்டான். குளிர்ந்தால் அது மற்றப் பக்கம் போகும் என்றேன். மீன்தொட்டியின் கதையையும் அன்றுதான் அவனுக்குச் சொன்னேன்.

பதினொரு நாட்களின் பின் செய்தி அனுப்பியிருந்தான். எலியை விழுங்கிவிட்டது. விழுங்கியதும் சூட்டுப் பக்கத்து மறைவிடத்துக்குச் சென்று மூன்று நாள் கிடந்ததாம். நான்காம் நாள் விடிய எழுந்து பார்த்தபோது தண்பக்கத்திலே, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிப் படுத்திருந்ததாம்.